இடது கதவில் இறங்கிய மழை

1938 ஜூலை 16, சனிக்கிழமை. காலையில் சவரம் செய்துகொண்டு, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். காபி குடித்தபின் கார் சக்கரங்களில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். ஆபீஸ் அரை நாள்தான். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டேன். தூறல் விடவில்லை.

என் மனைவி பிரசவம் பார்க்கும் நர்ஸ். வெளியூரிலிருந்து அழைப்பு வந்தால் எங்கள் பழைய காரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். அந்த வாரம் நஞ்சன்கூட்டுக்குப் போகும்போது இடது கதவு வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, அவள் காலடியில் இருந்த பையை நனைத்துவிட்டது. ஆவியில் அவித்துக் கட்டி வைத்திருந்த பஞ்சும் துணியும் பாழ். அங்கே வலியில் துடித்த பெண்ணை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி அவிக்க வேண்டியதாயிற்று.

"அடுத்த கேஸுக்கு ஜட்காவிலே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். "குதிரை என் காலடியிலே குளம் வெட்டாது."

அடுத்த கேஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தில். முதல் குழந்தையைப் பறிகொடுத்த பெண். எந்த நேரமும் ஆள் வரலாம். ஜட்கா போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. பல வாரங்களாகக் கண்ணாடி ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டிப் பார்த்தும் ஒழுக்கு நிற்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் காருக்குள் உட்காரவைத்தேன். கதவின் உள்பக்கம், மேல் விளிம்பிலும் அடியிலும் அரிசி மாவைத் தூவினேன். வெளியே நின்று சொம்பால் கண்ணாடிமேல் மெதுவாகத் தண்ணீர் விட்டேன்.

"எங்கே நனைகிறது?"

"மேலே மாவு அப்படியே இருக்குங்க. அடியிலேதான் கூழாகுது."

"நன்றாகப் பார்."

"தோசை வார்த்துக் காட்டட்டுமா?"

கைப்பிடியைக் கழற்றி, உள்பக்கத்து அட்டையைப் பெயர்த்தேன். கதவின் வயிற்றுக்குள் கலங்கிய தண்ணீர் தேங்கி நின்றது. அட்டையின் அடிப்பாகம் அதில் ஊறி உப்பியிருந்தது.

"கண்ணாடி ஏறி இறங்குற சந்திலே தண்ணி வராம இருக்குமா?" என்றாள்.

"அதைத்தானே அடைத்துக்கொண்டிருக்கிறேன்."

"சீழ் கட்டினா நாங்க மேலே பிளாஸ்திரி ஒட்டிட்டுப் போவோமா? இது வடியறதுக்கு வழி எங்கே?"

தரையில் படுத்துக் கதவின் அடியைப் பார்த்தேன். வழி இருந்திருக்கிறது, அடி விளிம்பில் சிறு துளைகளாக. தசராவுக்கு வண்ணம் அடித்தவர் அந்தத் துளைகளை மக்குப் பசை வைத்து மூடி, மேலே வண்ணமும் பூசியிருந்தார். அந்த வழவழப்பை நாங்கள் இருவருமே தடவித் தடவிப் பாராட்டியிருக்கிறோம்.

அவள் கொடுத்த பின்னல் ஊசியால் குத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு குத்து, சேற்றுத் தண்ணீர் என் சட்டைக் கைக்குள்ளேயே பாய்ந்தது.

"பனிக்குடம் உடைஞ்சாச்சு" என்றாள்.

அட்டைக்குப் பின்னால் வைக்கத் தார்த்துணி வாங்கலாம் என்று நினைத்தேன். அவளோ பிரசவக் கட்டிலில் விரிக்கும் ரப்பர் ஷீட்டில் பழையது ஒன்றை எடுத்து வந்து, அளந்து வெட்டினாள். "கட்டில்லே இதோட ஓரம் வாளிக்குள்ளே இறங்குற மாதிரி விரிப்போம். இங்கேயும் கீழ் ஓரம் கதவுக்குள்ளே இறங்கணும்." அப்படியே ஒட்டி, அட்டையைத் திரும்ப மாட்டினோம். உள்ளே சிதறும் சொட்டும் ஷீட்டில் வழிந்து துளைக்குப் போய்விடும்.

எதையும் இறுக மூடி வைத்தால்தான் எனக்கு மனம் நிம்மதிப்படும். மழை உள்ளே வந்தாலும் வழிந்து போகட்டும் என்று ஒரு கதவைச் செய்தவன் என்னைவிடத் துணிச்சல்காரன் என்று, கை கழுவும்போது தோன்றியது.

மறுபடி மாவு தூவித் தண்ணீர் விட்டோம். அடியிலும் மாவு உலர்ந்தே இருந்தது. ஆனாலும் காரில் வர அவள் இணங்கவில்லை. "சொம்புத் தண்ணி வேற, ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டு மழை வேற."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கோவிலுக்குக் கிளம்பும் முன்பே, ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆள் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். இரவெல்லாம் பெய்த மழை இன்னும் விடவில்லை. அவள் முதலில் குடையோடு, மழையிலேயே நின்ற காரிடம் போனாள். இடது கதவைத் திறந்து, கீழே விரித்திருந்த பாயை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பையை அதன்மேல் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, "நேரமாகுதுங்க" என்றாள்.