அடுப்பு மாற்றியது யாருடைய முடிவு

வலியசாலையில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுப்புக்காக ஒரு கல்லூரி மாணவி வந்தாள்.

“கேஸை விட்டு இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினது யார் முடிவு, அங்கிள்?”

“என் மனைவியோட முடிவு. ஆறு வருஷத்துக்கு முன்னால்.”

அடுப்படியில் மின்விசிறி சுழன்றால் கேஸ் அணைந்துவிடும். இன்டக்‌ஷன் என்றால் காற்றோடு சமைக்கலாம் என்பது என் மனைவியின் ஆசை. தினமும் மீட்டர் பார்த்து எழுதும் நான், யூனிட் ஏறும் என்று மறுத்தேன். பதினொரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. போன மாசியில் இறந்துபோனாள். கேஸை மூட மறந்துவிடுவேன் என்ற பயத்தில் சித்திரையில் நானே இன்டக்‌ஷன் வாங்கினேன். மின்விசிறியும் மாட்டினேன்.

“அப்போ ஆறு வருஷமா இதிலதான் சமையலா?”

“நாலு மாசமா.”

“பின்னே ஏன் அத்தனை தாமதம்?”

படிவத்தில் ஐந்து காரணங்கள் இருந்தன. ஆறாவதாக, ‘கணவர் விடவில்லை’ என்று எழுதச் சொன்னேன்.