பாறைமடையில் வைத்த குரல்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. பக்கத்தில் இருந்தவன் ஷைஜு. வேண்டுமானால் அவனிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அவன் இப்போது இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பேய்க் கதை என்றால் கொட்டாவி விடுகிற ஆள் நான். சத்தம்தான் என் தொழில். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத்தான் சென்னையில் பத்து வருடம் சோறு தின்றேன். அந்தத் திமிரோடுதான் ஊருக்குத் திரும்பி இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

'ஈரவெயில்' என்று ஒரு இசைக்குழு. கேரள எல்லையில் இருக்கிற பாறசாலையில் ஷைஜுவும் பிரசீதாவும் சேர்ந்து நடத்தினார்கள். ட்ரீம் பாப் என்பார்கள் அந்த வகைப் பாட்டை. கிதார் பனி மாதிரி மூடிக் கிடக்கும், குரல் அதற்குள்ளிருந்து அரைத் தூக்கத்தில் வரும். கிதார் ஷைஜு. குரல் பிரசீதா. அவள் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

போன வருடம் பிரசீதாவின் கழுத்தில் கட்டி. ஆபரேஷன் நடந்தது. கட்டி குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்ததால் நரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. கட்டி போனது, கூடவே குரலும் போனது. மிஞ்சியது வெறும் மூச்சுக்காற்று. உயிர் பிழைத்ததே பெரிசு என்று அவளிடம் சொன்னவர்களை எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது. வேலையும் போயிற்று. குரல் இல்லாத பாட்டு டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒருநாள் என் காதருகே வந்து காற்றாகச் சொன்னாள்.

"என் பாட்டை ஒரு வீடு மாதிரி ஆக்கித் தா, ஸ்ரீகலா. ஒரு தடவை உள்ள போய் இருக்கணும்."

சரி என்றேன். குழுவின் பழைய பதிவுகளிலிருந்து அவள் குரலை மட்டும் தனியே பிரித்தேன். இழுத்து நீட்டினேன். ஒரு வார்த்தை ஒரு நிமிடம் நீளும்படி. பாறசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தோம். சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர், நாலு சுவரிலும் துணி கட்டி வீடியோ, நடுவில் நாற்காலிகள். உட்காருகிறவர் பாட்டுக்குள் மூழ்கிப் போக வேண்டும். அதுதான் எங்கள் எண்ணம்.

அதற்கு ஒரு நல்ல எதிரொலி தேவைப்பட்டது.

ஒரு இடத்தின் எதிரொலியை வீட்டுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டு. அந்த இடத்தில் ஒரு பலூனை உடைத்து, சத்தம் அடங்கும்வரை பதிவு செய்ய வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எந்தக் குரலையும் அந்த இடத்துக்குள் வைத்துவிடலாம். வீட்டில் பாடியதைக் கோயில் மண்டபத்தில் பாடியதாக ஆக்கலாம். மந்திரம் இல்லை, வெறும் கணக்கு.

பக்கத்து ஊரான காரோட்டில் ஒரு பாறைமடை இருக்கிறது. கல் உடைத்து உடைத்துக் குழியாகி, பிறகு அப்படியே விட்டுவிட்ட இடம். மழைத் தண்ணீர் நிரம்பிக் கரும்பச்சையாக நிற்கும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நானும் ஷைஜுவும் காலையில் போனோம். கேமராவைத் தண்ணீரைப் பார்க்க நிறுத்திவிட்டு, பலூன்களை ஊதிக்கொண்டிருந்தோம்.

சோமன் அண்ணன் வந்தார். மடைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வாழை போடுகிறவர்.

"எலே மக்கா, பலூன் வச்சு மீன் பிடிக்கவா வந்திய?"

"எதிரொலி பிடிக்க அண்ணே," என்றான் ஷைஜு.

அவர் சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பலூன் பொட்டிச்சா ஒண்ணும் இல்ல. இங்க நின்னு கூவப்பிடாது. பேரு விளிக்கவும் செய்யப்பிடாது, கேட்டியா?"

"கூவினா என்ன?" என்றேன்.

"விளி கேக்கும் ஆக்கும்."

"எவ்வளவு தூரம் கேக்கும் அண்ணே?" என்று கேட்டேன். தொழில் புத்தி. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோட்டார் பக்கம் நடந்துவிட்டார்.

நாங்கள் கூவவில்லை. பலூன் மட்டும்தான் உடைத்தோம். அற்புதமான எதிரொலி கிடைத்தது. குடை விரிவது போல விரிந்து, மெல்ல அடங்கியது.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது முதலில் விசித்திரமாகப் பட்டது வீடியோதான். பலூன் வெடித்தபோது பாறைத்துணுக்கு ஏதோ தண்ணீரில் விழுந்து வளையம் எழும்பியிருந்தது. வளையங்கள் வெளியே விரியவில்லை. கரையிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தன. படம் தலைகீழாக ஓடுகிறது என்று நினைத்தேன். ஆனால் ஒரு மீன்கொத்தி குறுக்கே பறந்தது. முன்னோக்கித்தான் பறந்தது.

அழகாக இருக்கிறது என்று அப்படியே வைத்துக்கொண்டேன்.

அடுத்து குரல். மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். 'எவிடெ.' மலையாளத்தில் 'எங்கே.' எல்லைக்காரர்களான எங்களுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். பிரசீதாவின் அந்த 'எவிடெ'யை எடுத்துப் பாறைமடைக்குள் வைத்தேன். ஹெட்ஃபோனை மாட்டினேன்.

எவிடெ... எவிடெ... விடெ... டெ...

அடங்கியது. எட்டு நொடி வெறுமை. பிறகு...

இவிடெ.

'இங்கே.'

இழுத்து நீட்டினால் 'எ' சில சமயம் 'இ' மாதிரி ஒலிக்கும். எனக்குத் தெரியாதா? எதிரொலியின் அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் செய்து மறுபடி கேட்டேன்.

எவிடெ... எவிடெ... டெ...

இவிடெ.

இந்த முறை ஐந்து நொடியில்.

மறுபடி வெட்டினேன். மறுபடி செய்தேன். மூன்று நொடி. அதற்குப் பிறகு நான் வெட்டவில்லை. ஏதோ பிழை, மண்டபத்தில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒத்திகை. வெளியே நல்ல வெயில். உள்ளே எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி கட்டி இராத்திரியாக்கி வைத்திருந்தோம். பிரசீதா நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழகான வெள்ளைச் சுடிதார். நான் லேப்டாப் முன்னால், ஷைஜு புரொஜெக்டர் பக்கம். வேறு யாரும் இல்லை.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. பிரசீதா கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர். இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாட்டு.

நாலு சுவரிலும் தண்ணீர். வளையங்கள் சுருங்கின. நாலு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி. நடுவில் அவள்.

எவிடெ...

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மண்டபத்துக்குப் பின்னால்தான் ரயில் பாதை. வண்டி போனால் ஜன்னல் கதவு அதிரும். இப்போதும் அதிர்ந்தது. ஆனால் ரயில் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம்கூட.

எவிடெ... விடெ...

இவிடெ.

பின்பக்க ஸ்பீக்கரில்.

"ஸ்ரீ," என்றான் ஷைஜு. "அது யாரு?"

"எதிரொலி."

"பிரசீதா சத்தம் இல்லல்லா அது."

இல்லைதான். அவள் குரல் மெலிது. இது கனமாக, ஈரமாக இருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை.

எவிடெ...

இவிடெ.

பக்கவாட்டு ஸ்பீக்கரில். இடைவெளியே இல்லை.

அந்த நொடியில்தான் என் மண்டைக்குள் அம்மா குரல் கேட்டது. சின்ன வயதில் கூப்பிட்டும் வராவிட்டால் திட்டுவாள். 'விளிச்சா விளி கேக்காண்டாமாடீ?'

சென்னையில் இருந்து இருந்து எனக்கு ஊர்ச்சொல்லே மறந்துபோயிருந்தது. எங்கள் ஊரில் 'விளி கேட்பது' என்றால் காதால் கேட்பது இல்லை. கூப்பிட்டால் பதில் கொடுப்பது.

'விளி கேக்கும்' என்றார் சோமன் அண்ணன்.

தூரத்தைச் சொல்லவில்லை அவர். அது பதில் சொல்லும் என்றிருக்கிறார்.

நாங்கள் அங்கே நின்று கூவவில்லைதான். ஆனால் பிரசீதாவை அந்த மடைக்குள் நிறுத்தி 'எங்கே, எங்கே' என்று கூவ வைத்தது நான்தான்.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். லேப்டாப்பை மூடினேன்.

"ஷைஜு, கரண்டைப் பிடுங்கு!"

பிடுங்கினான். தண்ணீர் மறைந்தது. கும்மிருட்டு.

நிசப்தம்.

என் மூச்சு. ஷைஜுவின் மூச்சு.

மூன்றாவது மூச்சு கேட்கவில்லை.

"பிரசீதா?"

...

"பிரசீதா, எவிடெ நீ?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

நடு நாற்காலியில் இருந்து...

தெளிவாக...

"இவிடெ."

ஷைஜு ஜன்னல் துணியைப் பிய்த்து எறிந்தான். வெயில் உள்ளே விழுந்தது. பிரசீதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தாள்.

"சத்தம் வந்துட்டு ஸ்ரீகலா," என்றாள். "எனக்கு சத்தம் வந்துட்டு."

காற்று இல்லை. குரல். அவளுடைய பழைய குரல். ஒரு வருடமாக நான் கேட்காத குரல். என்ன செய்வேன்? பயந்ததெல்லாம் பறந்துபோய், ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஷைஜுவும் அழுதான். அவள் முதுகு மட்டும் ஜில்லென்றிருந்தது. அதுவரை ஓடிய ஏசி என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி நடந்தது. மூன்றாவது பாட்டை நான் தூக்கிவிட்டேன். கடைசியில் யாரும் எதிர்பாராமல் அவளே எழுந்து நின்று பாடினாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பள்ளிக்கூடத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஊரெல்லாம் அதிசயம் என்றது. நானும்தான். எதிரொலியே எழாத காருக்குள் பேசும்போதுகூட அவள் பேச்சின் கடைசிச் சொல் கொஞ்சம் நேரம் நின்று அடங்குவது போல இருந்தது. காதைக் கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் காட்ட அவளைக் கூட்டிப் போனேன். வெட்டி எடுத்த நரம்பு திரும்ப வளராது, எப்படிப் பேசுகிறாள் என்று அவருக்கும் ஆச்சரியம். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டார். திரையில் அவள் தொண்டைக்குள் தெரிந்தது. குரல்நாண் இரண்டு, வெள்ளையாக.

"'ஈ'ன்னு சொல்லுங்க," என்றார்.

"ஈ..." அறை முழுக்கக் கேட்டது.

டாக்டர் திரைக்கு அருகே குனிந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அவர் முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்களா சொன்னீங்க?"

நான் இல்லை. திரையைப் பார்த்தேன். அந்த இரண்டு நாணும் அசையவே இல்லை. செத்த மீன் மாதிரி கிடந்தன. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரே," என்றது பிரசீதாவின் குரல், சிரித்துக்கொண்டே. "நல்ல சுகமாக்கும்."

அவள் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிந்தது. திரும்பிப் பார்த்தேன்.

அவள் கண் நிறையத் தண்ணீர். என்னையே பார்த்துக்கொண்டு, தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இல்லை... இல்லை... இல்லை என்று.