டஜனுக்கு நாலே முக்கால்

2007இல் மண்ணரையில் இருந்த அந்தச் சின்ன பனியன் கம்பெனியில் துணி ஓரங்களை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் சாரதாமணிதான் மூத்த டெய்லர். குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். புது ஆர்டர் வந்தால் ரேட் பேசி முடிக்கும்வரை யாரும் தைக்கத் தொடங்க மாட்டார்கள். டெய்லர்கள் பக்கம் பேசுவது அவர்தான்.

அன்று முதலாளி கிட்டுசாமி இரண்டு ரேட் சொன்னார். உள்ளூர் ஆட்களுக்கு டஜனுக்கு ஐந்து ரூபாய். புதிதாக வந்த ஒரிசாக்காரர்கள் நான்கு பேருக்கு மூன்றரை.

“உங்களுக்கு ஒண்ணும் கொறைக்கலையே சாரதா. பின்ன என்ன?”

“அவங்க மூணரைக்குத் தெச்சா, அடுத்த ஆர்டருக்கு எங்களை எதுக்குங்ண்ணா கூப்புடுவீங்க?”

பக்கத்து மெஷின் முத்தாத்தாள் அவரை இடித்தாள். “ஏனுங்க்கா, கெடைக்கறதையும் கெடுத்துப்போடாதீங்க. ஒரிசாக்காரன் என்ன உங்க கூடப் பொறந்தவனா?”

“நமக்கு அஞ்சு நிக்கோணும்னா அவனுக்கும் அஞ்சு வேணும் கண்ணு.”

வாயாடி என்று பெயர் வந்தால் வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். அது சாரதாமணிக்குத் தெரியும். ஆனாலும் அவர் நகரவில்லை.

“அவங்களுக்கு இன்னும் கை வரலைம்மா. தையல் வளையுது,” என்றார் கிட்டுசாமி. அவரும் மெஷினில் உட்கார்ந்து முன்னுக்கு வந்தவர். பீஸைத் தொட்டாலே தைத்தது யாரென்று சொல்லிவிடுவேன் என்பார்.

“அப்ப ரெண்டு பேரு தெச்சதையும் கலந்து தர்றோம், எது யாருதுன்னு சொல்லுங்ண்ணா.”

சாரதாமணியும் ஒரிசாக்காரர்களில் ஒருவனான பிகாஷும் சாம்பிளுக்கு ஆளுக்கு ஆறு பீஸ் தைத்தார்கள். முத்தாத்தாள் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, எது யாருடையது என்று சீட்டில் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் கலந்து கொடுத்தாள்.

கிட்டுசாமி தையலை இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். “இது சாரதா கை. எங்கிட்டயேவா?”

முத்தாத்தாள் சீட்டைப் பார்த்தாள். “அது பிகாஷுதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பிகாஷ் மட்டும் ஊசியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

“எல்லாத்துக்கும் அஞ்சு எனக்குக் கட்டாது,” என்றார் கிட்டுசாமி கடைசியில். “நாலே முக்கால். ஒரே ரேட்.”

“சரிங்ண்ணா,” என்று சாரதாமணி மெஷினை மிதித்தார். “கால் ரூவா போச்சு,” என்று முத்தாத்தாள் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை சம்பளத்தில் பிகாஷுக்கு சாரதாமணியைவிட முப்பது ரூபாய் அதிகம்.

“பாத்தீங்களா, உங்களையே முந்திட்டான்,” என்றாள் முத்தாத்தாள்.

“முந்தட்டும். ரேட்டு ஒண்ணுதானே,” என்ற சாரதாமணி, திங்கட்கிழமை விடிகாலையின் முதல் பஸ்ஸிலேயே வந்து மெஷினில் உட்கார்ந்தார்.