கலஹா பாதையில் நின்றுபோன வான்

காலை 10.40. முதலில் கண்ணில் படுவது, வானின் முன்பக்கத்திலிருந்து எழும் வெள்ளை நீராவி. கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பாதையில் எஞ்சின் நின்றுவிட்டது.

நான் வாடகைக்குப் பிடித்த வான் சிவலிங்கத்துடையது, ஓட்டுபவரும் அவரே. சூடு காட்டும் முள் ஏறியபோதே, "கொஞ்சம் ஆறவிட்டுப் போவோமா சார்?" என்று கேட்டார். பதினொன்றே கால் ரயிலைப் பிடிக்க வேண்டும், நிறுத்தாமல் போங்கள் என்றேன்.

கெரியர் லொறி வந்து வானை ஏற்றிப்போய் ஒரு கராஜில் இறக்குகிறது. அதற்கே பதினையாயிரம் ரூபாய். கராஜ்காரர் ஒயில் மூடியைத் திறக்கிறார். ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருக்கிறது.

"தண்ணி கலந்திருக்கு. எஞ்சின் ஹெட்டு வளைஞ்சிருக்கும். ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வரும். சூடு ஏறினவுடனே நிப்பாட்டியிருந்தா தண்ணி போற ஓஸ் ஒண்ட மாத்தினாப் போதும். ஏன் மச்சான் ஓட்டின?"

"முள்ளப் பாக்கல பாஸ்," என்கிறார் சிவலிங்கம். என் பக்கம் திரும்பவில்லை.

"வேற என்னத்தப் பாத்த, சீனரியா?"

சிவலிங்கம் சிரிக்கிறார். பிறகு சற்றுத் தள்ளிப்போய், நாளைக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்ற வேறு வான் கிடைக்குமா என்று யாரிடமோ தொலைபேசியில் கேட்கிறார். முள்ளை அவர் பார்த்தார் என்று கராஜ்காரரிடம் நான் சொல்லவில்லை. கெரியர் கூலியை மட்டும் கொடுக்கிறேன். மிச்சத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

12.50க்கு முச்சக்கர வண்டியில் பேராதனை நிலையத்தை அடைகிறேன். பதினொன்றே கால் ரயில் இன்னும் வரவில்லை.