நிற்கும் வரிசையில் மூன்றாவது ஆள்

தயாளன் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். நாடு முழுக்கப் பார்க்கும்படி தவறான கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டவள் நான்தான். லினெட் என்றால் வேலை சுத்தம் என்று பதினாறு வருடமாகப் பேர் வாங்கி வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பேர் காற்றில் போய்விட்டது.

எங்கள் அலுவலகம் பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கலைந்துபோன துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒன்று விட்டுச்சென்ற காகிதமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. ஆள்பேர்ப் பதிவேடு, நாடக நோட்டீஸ், கூட்டக் குறிப்பு, பெட்டி பெட்டியாகப் புகைப்படம். நான் கிராணி, கணக்கும் கடிதமும் என் வேலை. தயாளன் அண்ணன் அத்தனைக்கும் பட்டியல் போடுகிறவர்.

அவர் இதற்கென்று படித்தவர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிஃப்டு வேலை பார்த்தவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது ஐம்பத்து நாலு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் செயற்குழுவில் ஒருவர், சும்மா இருக்கிற மனிதர், கணினி தெரியும் என்று கூட்டி வந்தார். எனக்கு அப்போது பிடிக்கவே இல்லை. நாலு மாதத்தில் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். இது மூன்றாவது வருடம்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டாம். ஷிஃப்டு முடிக்கிறவர் அடுத்து வருகிறவருக்கு ஒரு புத்தகத்தில் நடந்ததை எழுதி வைக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. நாலாம் நம்பர் மெஷின் சத்தம் போடுகிறது, நம்பாதே. ஏழாம் நம்பரைத் தட்டிக்கொடுத்தால் ஓடும். தயாளன் அண்ணன் அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். பட்டியலில் எண், தலைப்பு, ஆண்டு, நிலை என்று எல்லாரும் போடுகிற பத்திகளைப் போட்டுவிட்டு, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி வைத்துக்கொண்டு எழுதித் தள்ளினார்.

பெட்டி பன்னிரண்டு: திறக்கும் முன் மூக்கைப் பொத்திக்கொள்ளவும். 1958 நாடக நோட்டீஸ்: கதாநாயகியாக நடித்தவர் ஆண், அவர் மகன் ஜெலுத்தோங் பாசாரில் மீன் விற்கிறார், மதியத்துக்குமேல் போனால் எரிந்து விழுவார். 1971 கூட்டக் குறிப்பு: இதில் எழுதாமல் விட்டது, அன்றைக்கு நாற்காலி பறந்தது. இப்படி ஆயிரத்துக்கும் மேலே. ஒவ்வொன்றுக்கும் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் யாரையாவது பார்த்துக் கேட்டு வந்து எழுதுவார். யாருக்கு அண்ணே இதெல்லாம் என்று கேட்டால், அடுத்த ஷிஃப்டுக்கு என்பார். அடுத்த ஷிஃப்டு யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்.

போன வருடம் தேசிய அளவில் ஓர் இணையப் பட்டியல் வந்தது. ஓர் இடத்தில் தேடினால் போதும், வடக்கே பெர்லிஸிலிருந்து தெற்கே ஜொகூர் வரை எந்தெந்த அலமாரியில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். படங்கள் வராது, பட்டியல் மட்டும்தான். எங்களைப் போன்ற பொடி இடங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அவர்கள் கேட்டது முதல் நான்கு பத்திகளை மட்டும். தயாளன் அண்ணன் முனகிக்கொண்டே குறிப்புகளை நீக்கி ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். அதை விட்டுவிட்டு மூலக் கோப்பை நான் ஏற்றினேன். அந்த நேரத்தில் போனில் என் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கோலாலம்பூரிலிருந்து அந்தப் பட்டியலின் அதிகாரி புவான் இஸ்ஸதி அழைத்தார். வடக்கு மாநிலங்களுக்கு அவர்தான் பொறுப்பு. தமிழ்க் குறிப்புகளைக் கணினியில் மொழிபெயர்த்துப் படித்துப் பார்த்திருக்கிறார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் விஷயம் கறார். ஆதாரம் இல்லாத வாய்ப்பேச்சு தேசியப் பட்டியலில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பினாங்குக்கு வருகிறேன், அன்றைக்கு என் முன்னால் அந்தப் பத்தியை அழித்துவிடுங்கள் என்றார்.

தயாளன் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மதியம் மீ கோரேங் வாங்கி வந்தவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். மூலம்தான் நம் கணினியில் இருக்கிறதே, ஒன்றும் தொலைந்துபோகாது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

“இந்த ரூமுக்குள்ள இருந்தா யாரு பாப்பாங்க, லினெட்? நான் செஞ்ச வேலையே அதுதான்லா. மத்ததெல்லாம் பெட்டி நம்பர்.”

என் கைத்தப்பால் இந்த மனிதரின் மூன்று வருடம் அநாவசியமாகப் பெரிய இடத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

புதன்கிழமை ஒரு பெண் போன் செய்தார். பெயர் சாந்தினி, சிரம்பானில் இருக்கிறார், ஐம்பத்தேழு வயது. அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலை செய்த இடத்தில் இறந்துபோனாராம். அம்மா உறவுக்காரர்களோடு சிரம்பானுக்குப் போய்விட்டார். இருந்த ஒரே கல்யாணப் படத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அப்பா முகத்தை அவர் பார்த்ததே இல்லை. நினைத்துக்கொண்டபோதெல்லாம் அப்பா பெயரைத் தமிழில் தட்டித் தேடுவாராம், ஒன்றும் வராது. இந்த வாரம் ஒரே ஒரு வரி வந்திருக்கிறது.

நான் எடுத்துப் பார்த்தேன். தலைப்பு: காற்பந்துக் குழு, 1966. நிலை: நன்று. அவ்வளவுதான். குறிப்பில் மட்டும், “நிற்கும் வரிசையில் இடமிருந்து மூன்றாவது, தொங்கான் ஆள் சின்னையா. சொன்னவர்: ஜெலுத்தோங் சூசை, கோல்கீப்பர்.” படத்தை இப்போதே போனில் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், நேரில் வந்துதான் பார்ப்பேன் என்றார். நானா விடுவேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள் என்றேன். உடனே சூசை அண்ணனுக்கும் போன் போட்டேன். எண்பது வயது, மூட்டுவலி, எங்கள் மாடிப்படிக்குப் பயந்து ஒரு நாளும் வந்ததில்லை. சின்னையா மகள் வருகிறாள் என்றதும், வருகிறேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே இஸ்ஸதி வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். தயாளன் அண்ணன் கணினியைத் திறந்து தயாராக வைத்திருந்தார். நான் தேநீர் கொடுத்தேன், கேக் கொடுத்தேன், கழிவறைச் சாவியை எங்கே வைத்தேன் என்று பத்து நிமிடம் தேடினேன். ஒருவழியாகச் சாந்தினி வந்து சேர்ந்தார். பட்டர்வொர்த்தில் ரயில் இறங்கி, ஃபெரி ஏறி, வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். யார் இவர் என்று இஸ்ஸதி கேட்க, நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

தயாளன் அண்ணன் கையுறை போட்டுக்கொண்டு படத்தை மேசையில் வைத்தார். ஏழு பேர் நிற்கிறார்கள், நான்கு பேர் முன்னால் குந்தியிருக்கிறார்கள். சாந்தினி இடப்பக்கத்திலிருந்து விரலால் எண்ணி மூன்றாவது ஆளிடம் நிறுத்தினார். சுருட்டை முடி, மெல்லிய மீசை, அழகான ஆள். அப்பா என்று ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. பிறகு அழுதார் பாருங்கள், நானும் அழுதேன். இஸ்ஸதி கைப்பையில் டிஷ்யூ தேடினார். ஜெயித்துவிட்டோம் என்று என் மனசு உள்ளுக்குள் கும்மாளம் போட்டது.

அப்போதுதான் சூசை அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார், சாந்தினியின் விரலைப் பார்த்தார்.

“என்னம்மா, அவனப் பாத்தா அழுவுற? அவன் சாஹித். ஒங்கப்பன் இந்தப் பக்கம்.”

தயாளன் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. படத்தை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. சூசை அண்ணனோ படியேற மாட்டார். அதனால் இவர் ஜெலுத்தோங்குக்குப் போய் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார். சூசை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, அறுபது வருடத்துக்கு முன்னால் வரிசையின் நடுவில் தான் நின்ற இடத்திலேயே மறுபடி நின்றுகொண்டு, தன் இடது கைப்பக்கக் கோடியிலிருந்து எண்ணிச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இடது என்றால் படம் பார்க்கிறவருக்கு வலது. இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. நான் இஸ்ஸதியைப் பார்க்கவே பயந்தேன். ஆதாரம் இல்லாத பேச்சு என்று அவர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

சாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை நகர்த்தினார். நடுவில் நின்ற இளம் சூசையைத் தாண்டி, அந்தப் பக்கக் கோடியிலிருந்து மூன்றாவது ஆள். ஒல்லியான உடம்பு, முழங்காலில் துணிக்கட்டு, விசிறி மாதிரி இரண்டு காதுகள். அவர் இந்த முறை அழவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து மகனின் படத்தைத் தேடி, புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே காது, அதே ஒல்லி. அந்தக் காது யார் ஜாடை என்று பையன் சின்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பானாம், தனக்குப் பதில் தெரியாதாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சாஹித்தைப் பார்த்து அழுத அழுகையை நினைத்து இன்னும் சிரித்தார். சூசை அண்ணன், சாஹித்துக்கு அந்தக் காலத்திலேயே பெண்கள் அப்படித்தான் அழுவார்கள் என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

தயாளன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மன்னிச்சிடுங்கம்மா, தப்பா எழுதிட்டேன், இப்பவே அழிச்சிடுறேன் என்று சொல்லி மவுஸின்மேல் கை வைத்தார். சாந்தினி எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, தப்பாத்தான் எழுதினீங்க. ஆனா எழுதாம இருந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். எங்கப்பா பேர இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான் எழுதி வச்சிருக்கீங்க.”

என்ன சொல்கிறார் என்று இஸ்ஸதி என்னிடம் கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். அவர் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயாளன் அண்ணனிடம், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, இந்த இரண்டும் இருந்தால் அது வெறும் பேச்சு இல்லை, மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். குறிப்புகளில் வருகிற, உயிரோடு இருக்கிறவர்களின் கல்யாணச் சண்டைகளை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றார். தயாளன் அண்ணன் தலையை ஆட்டினார்.

இஸ்ஸதி ஒரு நாற்காலியை இழுத்துச் சூசை அண்ணனுக்குப் போட்டார். இன்னொன்றை இழுத்துத் தானே கணினி முன்னால் உட்கார்ந்தார். படத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்து, விரலை வைத்துக் காட்டச் சொல்லி, மலாயில் மெதுவாகக் கேட்டார்.

“அங்கிள், மற்றவர்கள் யார் யார்?”