பெரிய துண்டு

மேரு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆபாம் பாலேக் அப்பம் சுடும் கடலை வாசனை வந்ததுமே நினைவில் எங்கள் பழைய பண்டமாரான் பலகை வீட்டுக்குப் போய்விட்டேன். வீடு இருந்த இடத்தில் இப்போது லோரிகள் நிற்கின்றன. அப்போது, அப்பா வாங்கிவரும் ஆபாமைப் பின்கதவுப் படியில் வைத்து, உருகிய வெண்ணெய் விரலில் வழிய வழிய, ஐந்தாம் ஆண்டு படித்த தங்கச்சி மலர், ஆறாம் ஆண்டு படித்த எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பாள்.

"மூணுல ஒண்ணு வேணுமா, நாலுல ஒண்ணு வேணுமா?"

"நாலுல ஒண்ணுதான் பெருசு லா."

"மக்கு அண்ணே! ஆள் கொறஞ்சாதான் பங்கு பெருசாகும்."

சிரித்துக்கொண்டே நாலாக வெட்டுவாள். அம்மா, அப்பா, அவள், நான்.

போன மாதம் மலர் இறந்துவிட்டாள்.

"எத்தனை துண்டு வெட்டணும், தம்பி?" கடைக்கார ஆன்டி கேட்டார்.

"மூணு, ஆன்டி."

அவள் சொன்னது சரிதான். துண்டு பெரிதாகத்தான் இருந்தது.