கவிழ்த்து வைத்த படகு

இதைப் படித்துவிட்டு "நல்லா கதை விடுறீங்க" என்று சொல்வதாக இருந்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எனக்குக் கதை விடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மரம். எந்த மரம் எவ்வளவு ஈரம் குடிக்கும், எத்தனை நாளில் காயும், எங்கே வெடிக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி, மணி நிமிஷத்தோடு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பழைய மர மீன்பிடிப் படகுகளைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மக்கள் பார்க்க வைப்பது என் வேலை. கடற்கரையில் இப்போது எல்லாம் ஃபைபர் படகு. மரப் படகுகளை விறகுக்கு அறுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டு ஏழு படகுகளைக் காப்பாற்றினேன். வைக்க இடம் வேண்டுமே! ஒரு கமிட்டி தன்னிடம் இருந்த பெரிய ஹாலைத் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை. முதல் படகை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார். மரத்தில் ஈரம் பதினெட்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈர மரம் உள்ளே வந்தால் பூஞ்சை, கரையான் எல்லாம் கூடவே வரும். ஈரம் இருந்தால் ஹால் கிடையாது. ஹால் இல்லையென்றால் ஏழு படகும் விறகு.

அந்த முதல் படகு இருபத்திரண்டு அடி. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர ஆணி. அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைக் கொடுத்தவர் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒப்படைக்கும் படிவத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "கவுத்து வைக்கக் கூடாது."

"ஏன்ணே?"

"வேணாம்மா. அவ்வளவுதான்."

எரிச்சல் வந்தது. அடிப்பலகைதான் கடலைக் குடித்து ஊறியிருக்கிறது. படகைக் கவிழ்த்துப் போட்டுக் காற்றாடி வைக்காமல் அதை எப்படிக் காய வைப்பது? மரத்தைக் காய வைப்பது என் வேலை, அவர் வேலை இல்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் என் ஷெட்டில் ஆறு ஆட்களை வைத்துக் கவிழ்த்துவிட்டேன். அரையடி உயரக் கட்டைகள் மேல் படகு குப்புறப் படுத்தது. சுற்றி நாலு பெரிய காற்றாடி.

படகின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. கட்டைவிரல் நுழையும் அளவு. கரையேற்றியதும் உள்ளே கிடக்கிற தண்ணீர் வடிய அதைத் திறந்து விடுவார்கள். கடலுக்குப் போகும்போது வெளியிலிருந்து ஒரு மரத் தக்கையை அடித்து அடைப்பார்கள். படகு கவிழ்ந்து கிடந்ததால் அந்த ஓட்டை இப்போது உச்சியில் இருந்தது. நான் அதில் தக்கையை அடித்தேன்.

மேஸ்திரி சிரித்தார். இருபது வருஷமாகப் படகு வேலை பார்க்கிறவர்.

"என்ன மேடம் இது? கரையில இருக்கற படகுக்கு யாராச்சும் தக்கை அடிப்பாங்களா?"

"வார்னிஷ் உள்ள ஒழுகும் மேஸ்திரி."

"அது சரி. ஆனா தக்கை அடிச்சா படகு கடலுக்குக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்."

"கிளம்பட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பி வந்துடச் சொல்லுங்க."

சனிக்கிழமை ஈரம் பார்க்கும் மீட்டரில் பதினேழு சதவீதம். எனக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் கடைசி நிம்மதி.

திங்கள், மதியம் 2.10. ஷெட்டில் நானும் மேஸ்திரியும் மட்டும். நான் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தக்கை ஓட்டையை விட்டு வெளியே வந்து பலகை மேல் கிடந்தது.

மரம் காயும்போது சுருங்கும், நெளியும், தக்கை துள்ளும். அப்படித்தான் நினைத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றி இருபத்துநாலு.

இருபத்துநாலா? சனிக்கிழமை பதினேழு, இன்று இருபத்துநாலா? அப்படியானால் மரம் காயவில்லை. ஊறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் மேஸ்திரியைப் பிடித்துக் கத்தினேன். டீ கிளாஸைக் கழுவி அங்கே ஊற்றினாரா, கூரை ஒழுகுகிறதா, காவல்காரர் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து படகு மேல் காயப் போட்டாரா என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். மனுஷன் கூரையைக் காட்டினார். சொட்டு மழை இல்லாத மாசம். நானே கொட்டாப்புளியை எடுத்துத் தக்கையை மறுபடி அடித்து இறக்கினேன்.

செவ்வாய், 3.00. 'டப்.' தக்கை வெளியே. மீட்டரில் இருபத்தேழு.

இந்த முறை தக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கூர் முனை நனைந்திருந்தது. படகுக்கு உள்பக்கம் இருக்கிற முனை. நாக்கில் வைத்துப் பார்த்தேன்...

உப்பு.

பழைய மரம், உப்பு கசியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று முழுக்க மண்டை காய்ந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் புலம்பினேன். "உன் படகு உன்ன விட பிடிவாதமா இருக்கு போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷ உழைப்பு, நாலு நாளில் தண்ணீரோடு போகிறது. அழுகைதான் வந்தது.

புதன். தக்கைக்குத் துணி சுற்றி இறுக்கி அடித்தேன். அடித்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இன்று எவன் விளையாடுகிறான், பார்த்துவிடுவோம்.

3.45. ஒன்றுமில்லை.

3.50.

டொக்.

உள்ளேயிருந்து.

டொக்... டொக்...

என் கண் எதிரே தக்கை மெல்ல மேலே வந்தது. துள்ளவில்லை. யாரோ கீழேயிருந்து தள்ளுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு சாய்ந்து விழுந்து உருண்டது.

ஓட்டையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்...' என்று காற்று வந்தது. கவிழ்ந்த படகுக்குக் கீழே அரையடி சந்து இருக்கிறது. சுற்றி நாலு காற்றாடி ஓடுகிறது. உள்ளே காற்று அடைபட வழியே இல்லை. ஆனால் வந்தது. ஈர வலையின் வாடையோடு வந்தது.

மேஸ்திரி கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

"மேடம், எனக்கு வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"மேஸ்திரி! வெள்ளிக்கிழமை..."

"அந்த ஓட்டையைத் திறந்து விட்டுடுங்க மேடம். சொல்றதக் கேளுங்க."

போய்விட்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

மீட்டரில் முப்பத்தொன்று.

அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பயத்தை விட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. ஏழு படகு, மூன்று வருஷம். அதை ஒரு தக்கை கெடுப்பதா? வியாழன் காலை 9.00 மணிக்கு எபாக்ஸி பசையைக் கலந்தேன். தக்கையை இறக்கி, மேலேயும் சுற்றிலும் பசையை ஊற்றி, ஓட்டையை மொத்தமாக அடைத்தேன். மூன்று மணிக்குள் கல்லாக இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். "இப்ப வா" என்று வாய்விட்டே சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

4.40.

டொக்.

காற்றாடிகளை நிறுத்தினேன். ஷெட் முழுக்க அமைதி.

டொக். டொக். டொக்.

ஓட்டைக்கு நேர் கீழே. பயத்தை அடக்க ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். அஞ்சு அஞ்சாகக் கட்டுக் கட்டி.

பத்து.

பதினைந்து.

தட்டல் வேகமாகியது. பிறகு மெதுவாகியது.

படகின் விளிம்புக்குக் கீழேயிருந்து தண்ணீர் வந்தது. சிமெண்டுத் தரையில் மெல்ல ஊர்ந்து என் செருப்பைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

முப்பது.

குனிந்து அந்த அரையடி சந்துக்குள் பார்க்கலாம். டார்ச் கையிலேயே இருந்தது.

பார்க்கவில்லை... என்னால் முடியவில்லை.

"யாரு?" என்றேன்.

தட்டல் நின்றது.

பிறகு, நகத்தால் சுரண்டும் சத்தம். ரொம்ப நேரம்.

மறுபடி டொக்... ஒவ்வொன்றாக... இடைவெளி விட்டு...

டொக்.

நான் காத்திருந்தேன்.

அடுத்தது வரவில்லை.

மணி 4.58. நோட்டை மூடி மேஜையில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். வெயிலில் போய் நின்றேன்.

வெள்ளி காலை 8.30. வேறு வழியில்லை, அதிகாரி வருகிறார். ஆறு ஆட்களோடு உள்ளே போனேன். தரை காய்ந்திருந்தது. ஒரு உப்புக் கறைகூட இல்லை. படகை நிமிர்த்தினோம். மீட்டரை வைத்தேன்.

பதினாலு.

எங்கே வைத்தாலும் பதினாலு.

சந்தோஷப்படப் போன என்னை ஒரு ஆள் கூப்பிட்டார். "மேடம், உள்ள பசையில யாரோ கை வெச்சுட்டாங்க." எட்டிப் பார்த்தேன். நான் மேலேயிருந்து ஊற்றிய பசை தக்கையைச் சுற்றிக் கீழே வழிந்து, உள்பக்கம் ஒரு குமிழாக இறுகியிருந்தது. அதில் ஒரு குழி. விரல் முனை அளவு. ரேகைகூடத் தெரிந்தது.

பசை வழிந்தபோது படகு கவிழ்ந்து கிடந்தது. அரையடி சந்தில் கையை விட்டால் அந்த இடத்துக்கு எட்டவே எட்டாது.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். மீட்டரைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமா காய்ஞ்ச மரத்த நான் பாத்ததில்ல" என்று கையெழுத்துப் போட்டார். ஏழு படகுக்கும் ஹால் கிடைத்தது. நான் கேட்டது நடந்துவிட்டது.

மதியம் படகைக் கொடுத்த அண்ணன் வந்தார், கடைசிக் கையெழுத்துக்காக. நேராகப் படகுக்குப் போனார். குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பசையில் இருந்த குழியைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"கவுத்து வெச்சியாம்மா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாண்ணே."

"தக்கையும் அடிச்சியா?"

தலையாட்டினேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்தொம்பது வருஷம் ஆச்சு. நாலு பேரு போனோம். மதியம் ரெண்டு மணிக்கு மேல படகு கவுந்துச்சு. மூணு பேரு மேல ஏறிட்டோம். என் தம்பி அடியில மாட்டிக்கிட்டான். வலை கால்ல சுத்திக்கிச்சு, வெளிய வர முடியல. உள்ள கொஞ்சம் காத்து இருந்துச்சு. உசிரோடதான் இருந்தான். அந்த ஓட்டை வழியா வெளிச்சம் வேணும்னு தக்கையத் தள்ளிட்டான். விரலை வெளிய நீட்டினான். நான் புடிச்சுக்கிட்டேன்."

அவர் தன் கையைப் பார்த்தார்.

"ஆனா அது வழியா காத்து போகுது. படகு இறங்குது. மேல ரெண்டு பேரு கத்துறாங்க, அவங்களுக்கும் புள்ளைங்க இருக்கு. விரலை உள்ள தள்ளிட்டு நான்தான் தக்கைய அடிச்சேன். மறுபடி தள்ளினான். மறுபடி அடிச்சேன். மூணு தடவை. நாலாவது தடவை அது மேலயே ஏறி உக்காந்துட்டேன்."

மேஜை மேல் என் நோட்டு மூடிக் கிடந்தது. நேற்று மாலைக்குப் பிறகு நான்கூட அதைத் திறக்கவில்லை.

"தட்டினான்மா. எனக்குக் கீழ தட்டிக்கிட்டே இருந்தான். நான் எழுந்திருக்கல. எண்ணிக்கிட்டு இருந்தேன். இன்னிக்கும் கண்ண மூடினா எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தனைண்ணே?"

"நாப்பத்தொண்ணு."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன்.

எட்டுக் கட்டு. ஒரு கோடு.